கவிழ்ந்த படகிலிருந்து யாரைக் கூப்பிடுவது? சிறு மீன்பிடிப் படகுகளுக்கான ஆபத்துக்காலத் தொடர்புக் கருவிகள்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலில் வீசியபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய ஊர்களின் ஆழ்கடல் படகுகளில் பல, அதற்குப் பல நாள்களுக்கு முன்பே, கடலிலேயே பல நாள் தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போயிருந்தன. இலங்கைக்குத் தெற்கே இருந்த காற்றழுத்தத் தாழ்வு மிகக் குறுகிய நேரத்தில் வலுவடைந்து புயலாயிற்று. கரையில் எச்சரிக்கை வெளியானபோது, அதைக் கேட்க வேண்டியவர்கள் கைப்பேசிக் கோபுரங்களின் வீச்சுக்கு வெகு தொலைவில் இருந்தார்கள். புயலுக்குள் சிக்கிய பிறகு தங்கள் இருப்பிடத்தைக் கரைக்குச் சொல்வதற்கும் அவர்களில் பெரும்பாலோருக்கு வழி இருக்கவில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமற்போனார்கள்.

படகில் என்ன தொடர்புக் கருவி இருக்க வேண்டும் என்ற கேள்வி அதன்பின் கடற்கரை ஊர்களில் மீண்டும் மீண்டும் எழுந்துவருகிறது. அரசு கொடுத்தது, கடையில் கிடைப்பது, பக்கத்துப் படகுக்காரர் வாங்கியது எனப் பதில்கள் பலவாக இருக்கின்றன. கருவிகளின் பெயர்களும் விலைகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆனால் எந்தக் கருவியைப் பற்றியும் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்த்தால் அதன் தகுதி பெரும்பாலும் விளங்கிவிடும். இதில் கூப்பிட்டால் அதை யார் கேட்பார்கள்? படகு கவிழ்ந்து ஆள்கள் தண்ணீரில் கிடக்கும்போதும் இது வேலை செய்யுமா? இந்த இரண்டாவது கேள்விதான் ஃபைபர் படகுக்காரர்களுக்கு முதன்மையானது என்று நான் கருதுகிறேன். கடைகளிலும் விளம்பரங்களிலும் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அதுதான்.

தமிழகக் கரையில் மிகுதியாகக் காணப்படும் ஃபைபர் படகை எடுத்துக்கொள்வோம். எட்டு முதல் பத்து மீட்டர் நீளம், நான்கைந்து ஆள்கள், கூரையோ அறையோ கிடையாது. படகின் பின்முனையாகிய கடையாலில் அவுட்போர்டு எஞ்சின். அதைக் கயிற்றை இழுத்து உயிர்ப்பிப்பார்கள் என்பதால் பல படகுகளில் பேட்டரியே இருக்காது. விளிம்பு தண்ணீரிலிருந்து அதிகம் உயர்ந்திருக்காது. உப்புநீர் எந்நேரமும் உள்ளே தெறித்துக்கொண்டே இருக்கும். கப்பலில் ஆபத்து என்றால், பெரும்பாலும் கேப்டனுக்கு ரேடியோ அறைக்குச் சென்று அழைக்கச் சில நிமிடங்களாவது கிடைக்கும். ஃபைபர் படகில் ஒரு பெரிய அலை பக்கவாட்டில் அடித்தாலோ, இரவில் கப்பல் ஒன்று உரசினாலோ, எல்லாம் முடிய ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தில் கைக்கு எட்டாத கருவி, எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், இல்லாத கருவிதான்.

எந்தக் கருவியையும் பார்க்கும் முன், ஆபத்துக்காலத் தொடர்புக்கு இரண்டு திசைகள் உண்டு என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கரையிலிருந்து கடலுக்குச் செல்லும் எச்சரிக்கை ஒன்று. கடலிலிருந்து கரைக்கும் மற்றப் படகுகளுக்கும் செல்லும் அபயக்குரல் மற்றொன்று. ஒக்கியின்போது இரண்டுமே அறுந்து கிடந்தன. ஆனால் முதலில் அறுந்தது எச்சரிக்கைதான். அதைக் கருத்தில் கொண்டு ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையமாகிய இன்காய்ஸ், 2019 அக்டோபரில் ஜெமினி என்ற சிறு கருவியை வெளிக்கொணர்ந்தது. ககன் செயற்கைக்கோள் வழியாகப் புயல், பேரலை, மீன்வளப் பகுதி பற்றிய தகவல்களைப் பெற்று, புளூடூத் மூலம் கைப்பேசித் திரையில் அது காட்டும். கரையிலிருந்து எவ்வளவு தொலைவு போனாலும் செய்தி வந்து சேரும் என்பது அதன் பெரும் பயன். ஆனால் அது செய்தியைப் பெறுமே தவிர அனுப்பாது. ஜெமினியை வாங்கி வைத்துவிட்டு, ஆபத்தில் அதன் வழியாக உதவி கேட்கலாம் என்று ஒருவர் நம்பியிருந்தால் அந்த நம்பிக்கை உயிரையே பறித்துவிடும். விற்பவர்கள் இதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

அபயக்குரல் முதலில் யாரைச் சென்றடைய வேண்டும்? கடலோரக் காவல்படை என்பதே பலரும் உடனே சொல்லும் பதில். நடைமுறையில், கவிழ்ந்த படகின் ஆள்களை முதலில் எட்டக்கூடியவர்கள் அரை மணி நேரத் தொலைவில் தொழில் செய்துகொண்டிருக்கும் வேறு மீனவர்கள். காவல்படைக் கப்பல் புறப்பட்டு வந்து சேர மணிக்கணக்காகும்; ஹெலிகாப்டருக்கும் வானிலை இடம் கொடுக்க வேண்டும். ஆகவே பக்கத்துப் படகுகள் கேட்கும்படியான குரல்தான் முதல் தேவை. அதைத் தருவது கடற்கரையில் வயர்லெஸ் என்று அழைக்கப்படும் வி.எச்.எஃப். கடல்சார் ரேடியோ. ஒருவர் பேசினால், அந்தச் சேனலைத் திறந்து வைத்திருக்கும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். எண் தெரிய வேண்டியதில்லை. எதிர்முனையில் ஒருவர் எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. கைப்பேசிக்கும் செயற்கைக்கோள் தொலைபேசிக்கும் இந்தக் குணம் கிடையாது.

உலகெங்கும் அபயக்குரலுக்கு ஒதுக்கப்பட்டிருப்பது சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ். வணிகக் கப்பல்களும் கடலோரக் காவல்படையும் அதைக் கவனித்துக்கொண்டிருக்கும். இங்கே நம் கரைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக, நிலத்தில் பயன்படும் வாக்கி-டாக்கிகளைப் பல படகுகளில் வாங்கி வைத்திருக்கிறார்கள். ஊர்ப் படகுகள் எல்லாம் தங்களுக்குள் ஓர் அலைவரிசையை வகுத்துக்கொண்டு, எங்கே மீன் கிடக்கிறது, நீரோட்டம் எப்படி என்று பேசிக்கொள்ள அவை போதும். ஆனால் அருகில் போகும் கப்பலுக்கு அந்தக் குரல் கேட்காது. தேடி வரும் காவல்படைக் கப்பலுக்கும் கேட்காது. அந்தக் கருவிகளில் பெரும்பாலானவை தண்ணீரில் விழுந்தால் அத்தோடு முடிந்தன. முறையான உரிமம் இல்லாமல் அவற்றைப் பயன்படுத்துவது சட்டச் சிக்கலையும் கொண்டுவரும். வாங்கும் செட் கடல்சார் சேனல்களைக் கொண்டதா, ஒரே பொத்தானில் 16-க்குப் போகிறதா என்பதைக் கடையிலேயே இயக்கிப் பார்த்துவிட வேண்டும்.

வயர்லெஸ் எவ்வளவு தூரம் எடுக்கும் என்று கேட்டால் கடைக்காரர் வாட் கணக்கைச் சொல்வார். வாட் முக்கியம்தான்; ஆனால் தூரத்தை முதலில் தீர்மானிப்பது ஆன்டெனாவின் உயரம். இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால், கடலின் வளைவு அவற்றை மறைத்துவிடும். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.2 ஆல் பெருக்கினால், அதன் அடிவானம் எத்தனை கடல் மைல் என்பது ஏறத்தாழக் கிடைக்கும். பேசும் இரு பக்கத்துக்கும் இப்படிக் கணக்கிட்டுக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஃபைபர் படகில் உட்கார்ந்தபடி கையடக்க செட்டைப் பிடித்திருப்பவரின் ஆன்டெனா தண்ணீருக்கு மேல் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அவருடைய அடிவானம் 2.2 கடல் மைல். அதேபோல் உட்கார்ந்திருக்கும் மற்றொருவரோடு பேச 4.4 கடல் மைல், அதாவது எட்டு கிலோமீட்டர்தான் எல்லை. இருவரும் நான்கு மீட்டர் கம்பில் ஆன்டெனாவைக் கட்டினால் அது 8.8 கடல் மைலாக இரட்டிக்கும். கரையில் 100 மீட்டர் உயரத்தில் நிலையம் இருந்தால் நான்கு மீட்டர் கம்பிலிருந்து 26 கடல் மைல் வரை எட்டலாம். மூங்கில் கம்பு ஒன்றும் சில மீட்டர் கேபிளும் தரும் பயனை, கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் விலை உயர்ந்த செட் தந்துவிடாது.

படகில் பொருத்தும் செட் 25 வாட் வரை அனுப்பும். கையடக்க செட் ஐந்து அல்லது ஆறு வாட். பொருத்தும் செட்டில் பேசும்போது 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஐந்து ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். கேட்டுக்கொண்டிருக்கும்போது அரை ஆம்பியருக்குக் குறைவாகவே இழுக்கும். ஓர் இரவு முழுவதும் திறந்து வைத்திருந்து இடையிடையே பேசவும் வேண்டும் என்றால், வீட்டு யு.பி.எஸ்.ஸில் இருக்கும் 7 ஆம்பியர்-மணி பேட்டரி விடியும் முன்பே ஓய்ந்துவிடும். 20-க்குக் குறையாத, மூடப்பட்ட வகைப் பேட்டரி தேவை. அதை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, பலகைக்கு அடியில், படகு ஆடினாலும் நகராதபடி வரிந்து கட்ட வேண்டும். ஆன்டெனா கேபிளிலும் கவனம் வேண்டும். ஆர்.ஜி.-58 என்ற மெல்லிய கேபிள் பத்து மீட்டர் நீளத்திலேயே அனுப்பும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுங்கிவிடும். அதைவிடப் பெரிய எதிரி, ஆன்டெனா இணைப்பில் ஏறும் பச்சைக் களிம்பு. செட் எரிகிறது, எண் தெரிகிறது, ஒலியும் வருகிறது. ஆனால் பேசுவது ஒரு மைலுக்கு அப்பால் போகவில்லை என்றால், பெரும்பாலும் அந்த இணைப்பைத்தான் கழற்றிப் பார்க்க வேண்டும். தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இணைப்பின் மேல் இறுகச் சுற்றிவிட்டால் உப்புநீர் ஏறாது, செலவும் சொற்பம்.

பொருத்தும் செட்டுகளில் டி.எஸ்.சி. என்ற வசதி உண்டு. மூடியிட்ட சிவப்புப் பொத்தானைத் திறந்து சில நொடிகள் அழுத்தினால், படகின் அடையாள எண்ணும் ஜி.பி.எஸ். நிலையும் சேர்ந்த அபாயச் செய்தி சேனல் 70-இல் தானாகப் போய்விடும். அதை ஏற்கும் செட்டுகளில் எல்லாம் எச்சரிக்கை ஒலி எழும். எம்.எம்.எஸ்.ஐ. எனப்படும் அந்த அடையாள எண் ஒன்பது இலக்கம் கொண்டது; இந்தியக் கலங்களுக்கு 419 என்று தொடங்கும். எண்ணைப் பதியாமல், ஜி.பி.எஸ். இணைப்பும் கொடுக்காமல் வைத்திருந்தால் அந்தச் சிவப்புப் பொத்தானால் பெரும் பயன் இல்லை. ஃபைபர் படகில் பயணம் செய்யும் ஐந்து பேரில் நால்வருக்கு அதை அழுத்தத் தெரியாது என்றாலும் அதே நிலைதான்.

பொருத்தும் செட் கவிழ்ந்த படகோடு தண்ணீருக்குள் போய்விடும். இங்கேதான் இரண்டாவது கேள்வி திரும்பி வருகிறது. ஒரு படகுக்கு ஒரே செட் வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால், கரைக்கு அருகில் தொழில் செய்பவருக்கு நான் கையடக்க செட்டையே சொல்வேன்: தண்ணீரில் மிதப்பது, ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடாத ஐ.பி.எக்ஸ்.-7 தரமுடையது, லைஃப் ஜாக்கெட்டில் கயிற்றால் பிணைக்கக்கூடியது. அதன் வீச்சுக் குறைவு என்பது உண்மை. ஆனால் நீரில் மிதந்தபடி, கண்ணுக்குத் தெரியும் தொலைவில் போகும் படகை நோக்கிப் பேச அது உதவும். தேடி வரும் ஹெலிகாப்டர் மேலே பறப்பதால் அடிவானக் கட்டுப்பாடும் அப்போது தளர்ந்துவிடும்.

கரையும் பக்கத்துப் படகுகளும் எட்டாத தொலைவுக்குப் போகிறவர்களுக்குச் செயற்கைக்கோள் வழி தவிர வேறு வழியில்லை. அதில் காலத்தால் மூத்ததும் உலகம் முழுவதும் செயல்படுவதும், அபாயச் செய்தியைச் செயற்கைக்கோளில் பிடித்து மீட்பவர்களுக்குச் சொல்லும் காஸ்பாஸ்-சார்சாட் அமைப்பு. அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், கனடா, பிரான்ஸ் ஆகிய நான்கு நாடுகள் சேர்ந்து தொடங்கியது. 1982-இல் முதல் மீட்பு நடந்தது. பனிப்போர்க் காலத்தில் இரு எதிரி வல்லரசுகளும் தங்கள் செயற்கைக்கோள்களை இதற்காக ஒன்றிணைத்தன என்பது நினைக்கத் தகுந்த செய்தி. பீக்கன்கள் எனப்படும் இதன் அபாயச் செய்திக் கருவிகள் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும், கூடவே 121.5 மெகாஹெர்ட்ஸில் ஒரு சிறு அலையையும் வெளியிடும். அருகில் வந்த விமானமோ கப்பலோ அந்த அலையின் திசையைப் பிடித்து ஆளை நெருங்கும். பழைய 121.5 மட்டும் உள்ள பீக்கன்களைச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி முதல் கவனிப்பதில்லை. உடைத்த கப்பல்களிலிருந்து வரும் பழைய கருவிகளை வாங்குகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

இந்தப் பீக்கன்களில் படகுக்கு உரியது இபர்ப். ஆள் உடலில் அணிவது பி.எல்.பி. இபர்ப் குறைந்தது 48 மணி நேரமும் பி.எல்.பி. குறைந்தது 24 மணி நேரமும் தொடர்ந்து ஒலிபரப்ப வேண்டும் என்பது விதி. கப்பல்களில் இபர்ப்பை ஒரு கூட்டில் மாட்டியிருப்பார்கள். கப்பல் மூழ்கிச் சில மீட்டர் ஆழம் போனதும் நீரழுத்தத்தால் கூடு திறந்து, பீக்கன் தானே மேலே மிதந்து வந்து இயங்கும். ஃபைபர் படகு அப்படி மூழ்குவது அரிது. அது கவிழ்ந்து, அடிப்பக்கம் மேலாக மிதந்துகொண்டிருக்கும். நீரழுத்தம் போதாமல் கூடு திறக்காது. திறந்தாலும் பீக்கன் படகின் அடியில் சிக்கிக்கொள்ளலாம். ஆகவே கப்பலுக்கு மிகச் சிறந்த அந்த ஏற்பாடு ஃபைபர் படகுக்குப் பொருந்தாது. கையால் எடுத்து இயக்கும் வகையும், அதைவிட, படகை ஓட்டும் ஸ்ராங்கின் லைஃப் ஜாக்கெட்டிலேயே இருக்கும் பி.எல்.பி.யும் மேலானவை.

ஜி.பி.எஸ். உள்ள பீக்கனையே வாங்க வேண்டும் என்று சொல்வதற்குத் தெளிவான காரணம் உண்டு. ஒரு நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஒரு கடல் மைல் வேகத்தில், நீரோட்டம் இழுத்துக்கொண்டிருக்கும் ஆளை ஆறு மணி நேரம் கழித்துத் தேடத் தொடங்கினால், அவர் ஆறு கடல் மைல் ஆரமுள்ள வட்டத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அந்த வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 390 சதுர கிலோமீட்டர். அலைகளுக்கு நடுவே ஒரு தலையின் அளவு மட்டும் தெரியும் ஓர் ஆளை அதில் தேட வேண்டும். ஜி.பி.எஸ். உள்ள பீக்கன் தன் நிலையைச் சுமார் நூறு மீட்டர் துல்லியத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருப்பதால் தேடல் என்பதே ஏறக்குறைய இல்லாமல் போய், மீட்பு மட்டும் மிஞ்சும்.

இந்தியாவில் இந்தச் செய்திகள் பெங்களூரில் உள்ள இஸ்ரோவின் இந்திய மிஷன் கட்டுப்பாட்டு மையத்துக்கு வந்து, அங்கிருந்து கடலோரக் காவல்படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்களுக்குப் போகின்றன. நமக்குரியது சென்னை மையம். மீனவர்களுக்காகவே இஸ்ரோ உருவாக்கிய டி.ஏ.டி. என்ற அபாய எச்சரிக்கைக் கருவியும் இதே கட்டுப்பாட்டு மையத்தோடு இணைந்தது. ஆனால் அது இந்தியாவின் சொந்தச் செயற்கைக்கோள் வழியாக இயங்குவது. தீ, படகு மூழ்குதல், ஆள் கடலில் விழுதல், மருத்துவ உதவி என ஆபத்தின் வகையையும் சேர்த்து அனுப்பலாம் என்பது அதன் சிறப்பு. முதல் தலைமுறைக் கருவியில் ஒரு பெருங்குறை இருந்தது: செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதை அனுப்பியவர் அறிய வழியில்லை. இருட்டில், தண்ணீரில், பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருப்பவருக்கு அந்த அறியாமை எவ்வளவு கொடியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பதில் இல்லை என்று எண்ணி, இருந்த இடத்தை விட்டு நீந்திப் போக முயல்வதற்கும் அது காரணமாகலாம். 2024 ஜனவரியில் வெளியான இரண்டாம் தலைமுறைக் கருவி, டி.ஏ.டி.-எஸ்.ஜி., இந்தக் குறையைத் தீர்த்தது. செய்தி கிடைத்துவிட்டது என்ற ஒப்புதல் இந்தியாவின் இடங்காட்டி அமைப்பான நாவிக்கின் செயற்கைக்கோள் வழியாகத் திரும்பி வரும். புயல் எச்சரிக்கையும் மீன்வளப் பகுதித் தகவலும் அதே வழியில் வந்து, புளூடூத் மூலம் கைப்பேசியில் தாய்மொழியிலேயே தெரியும். எச்சரிக்கையையும் அபயக்குரலையும் ஒரே கருவியில் கொண்டுவந்திருப்பதால், இன்றைய நிலையில் ஆழ்கடலுக்குப் போகும் தமிழக மீனவருக்கு இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பது என் முடிவு.

இதனோடு சேர்த்துப் பேசப்பட வேண்டியது, படகின் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குத் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டர். 13 கடலோர மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் ஒரு லட்சம் மீன்பிடிக் கலங்களில் அதைப் பொருத்தும் திட்டம், ஏறத்தாழ 360 கோடி ரூபாய்ச் செலவில், 2024 ஆகஸ்டில் மகாராஷ்டிர மாநிலம் பால்கரில் தொடங்கப்பட்டது. இதுவும் இஸ்ரோவின் தொழில்நுட்பம்தான். இருவழிச் செய்தி உண்டு. கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும் என்பது இராமேசுவரம், நாகப்பட்டினம் பக்கத்து மீனவர்களுக்குத் தனிப் பயன். தாங்கள் எங்கே தொழில் செய்கிறோம் என்பது பிறருக்குத் தெரிந்துவிடும் என்ற தயக்கம் மீனவர்களிடம் இருக்கிறது. பல தலைமுறைகளாகக் கண்டறிந்து காத்துவந்த பாருகளின், அதாவது மீன் கூடும் கடலடிப் பாறைத்திட்டுகளின், இருப்பிடம் ஒரு குடும்பத்தின் சொத்து. அந்தத் தயக்கத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. தகவல் யார் கையில் இருக்கும், எதற்குப் பயன்படும் என்பதை அதிகாரிகள் மீனவர் சங்கங்களிடம் எழுத்தில் தெளிவாக்குவதே அதற்குரிய வழி.

ஏ.ஐ.எஸ். கருவியின் வேலை சற்று வேறானது. 20 மீட்டருக்கு மேற்பட்ட கலங்களுக்கு இங்கே அது கட்டாயம். ஃபைபர் படகுக்கு இல்லை. அது படகின் பெயர், இடம், திசை, வேகம் ஆகியவற்றைச் சுற்றியுள்ள கப்பல்களின் திரையில் காட்டிக்கொண்டே இருக்கும். ஃபைபர் என்பது கப்பல்களின் ரேடாரில் சரியாகத் தெரியாத பொருள் என்பதால், கப்பல் பாதைகளைக் குறுக்கே கடந்து இரவில் தொழில் செய்பவர்களுக்கு இது விபத்தையே தவிர்க்கும் கருவி. விபத்து நேர்ந்த பிறகு இதை நம்பக் கூடாது. படகின் மின்சாரம் போனால் இதுவும் போய்விடும்.

செயற்கைக்கோள் தொலைபேசியைப் பற்றி ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. துரயா, இரிடியம் தொலைபேசிகளையும், வெளிநாட்டுப் படகோட்டிகள் பெரிதும் புகழும் செயற்கைக்கோள் குறுஞ்செய்திக் கருவிகளையும் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் உறவினர் வாங்கி வந்து தந்தார் என்பதற்காகப் படகில் வைத்திருந்தால், கடலில் சோதனை நடக்கும்போது வழக்கில் சிக்க நேரும். பி.எஸ்.என்.எல். வழங்கும் இன்மார்சாட் தொலைபேசி அனுமதிக்கப்பட்டது. அதற்குரிய விண்ணப்பமும் கட்டணமும் உண்டு. நான்கைந்து படகுகள் ஒன்றாகப் போகும் ஆழ்கடல் குழு ஒன்றுக்கு அப்படி ஒரு தொலைபேசி பெரும் துணை. நோயாளியின் நிலையை மருத்துவரிடம் விளக்கிச் சொல்லவோ, எஞ்சின் பழுதுக்கு வழி கேட்கவோ பீக்கனால் முடியாது. அதற்குப் பேச்சு வேண்டும்.

கைப்பேசியை இந்தப் பட்டியலில் கடைசியாகச் சொல்வதால் அதைக் கரையிலேயே விட்டுவிட வேண்டும் என்று பொருளில்லை. கரையிலிருந்து சில கடல் மைல்களுக்குள் அது வேலை செய்யும். முகத்துவாரத்திலும் அலை உடையும் பகுதியிலும் நேரும் விபத்துகளுக்கு அதுவே முதல் கருவி. கடலோரக் காவல்படையின் கட்டணமில்லா எண் 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093 ஆகிய இரண்டும் அதில் பதிவாகியிருக்க வேண்டும். நீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருக்க வேண்டும். உறைக்கு மேலிருந்தே திரையை இயக்க முடிகிறதா என்பதை ஈரக் கையோடு ஒருமுறை முயன்று பார்த்துவிட வேண்டும். பல உறைகளில் ஈரம் பட்டதும் திரை அசையாது. பக்கப் பொத்தானால் அவசர அழைப்பு போகும்படி முன்கூட்டியே அமைத்து வைப்பது அதற்கு மாற்று.

பணம் அளவாக இருக்கும் வீட்டில் எதை முதலில் வாங்குவது என்பது தொழில் செய்யும் தொலைவைப் பொறுத்தது. காலையில் போய் மதியம் திரும்பும் படகுக்கு, மிதக்கும் கையடக்க வயர்லெஸும் உறையிட்ட கைப்பேசியும், அவற்றோடு லைஃப் ஜாக்கெட், விசில், வெயிலைத் திருப்பிச் சைகை காட்டும் கண்ணாடி, கையில் பிடித்து எரிக்கும் சிவப்பு அபாயச் சுடர் (ஃபிளேர்) ஆகியவையும் போதுமானவை. கரை மறையும் தொலைவுக்குப் போகிறவர் நான்கு மீட்டர் கம்பும் 25 வாட் செட்டும் சேர்க்க வேண்டும்; டி.ஏ.டி.-எஸ்.ஜி. அல்லது பி.எல்.பி. இரண்டில் ஒன்று கட்டாயம். தங்கல் தொழிலுக்குப் போகும் விசைப்படகுக்கு இவை எல்லாமும் வேண்டும், டி.ஏ.டி. படகிலும், பி.எல்.பி. குறைந்தது இரண்டு பேர் உடலிலும் இருக்க வேண்டும். அரசு மானியத்தில் அல்லது இலவசமாக எது கிடைக்கிறது என்பதை மீன்வளத் துறையின் உள்ளூர் அலுவலகத்தில் முதலில் கேட்டுவிட்டு, மீதிக்கு மட்டும் கைக்காசைச் செலவிடுவதே அறிவுடைமை.

வாங்கிய கருவி எங்கே இருக்கிறது என்பதில்தான் பெரும்பாலான ஏற்பாடுகள் தோற்றுப்போகின்றன. விலை உயர்ந்த பொருள், அரசு கொடுத்த பொருள், தொலைந்தால் பதில் சொல்ல வேண்டும் என்ற அக்கறையில் பாலித்தீன் உறையில் சுற்றி, டீசல் கேனுக்கும் ஐஸ் பெட்டிக்கும் பின்னால் பூட்டி வைக்கிறார்கள். சில வீடுகளில் அது அலமாரியை விட்டே இறங்குவதில்லை. அந்த அக்கறையைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பீக்கன் இருக்க வேண்டிய இடம் எஞ்சின் பிடிப்பவரின் மார்பு. அவர் மாறினால் அதுவும் கைமாற வேண்டும். தவறி விழுகிறவர் பெரும்பாலும் தனியாக விழுகிறார் என்பதால், ஆளுக்கொரு விசிலும் சிறு விளக்கும் ஜாக்கெட்டிலேயே கட்டியிருக்க வேண்டும்.

ஒவ்வொரு கருவியையும் ஆள் அத்தனை பேரும் ஒருமுறையாவது கையில் எடுத்து, எந்த மூடியைத் திறப்பது, எந்தப் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்துவது, ஆன்டெனாவை எப்படி நிமிர்த்துவது என்று கண்ணை மூடிக்கொண்டு செய்து பார்க்க வேண்டும். பீக்கனைச் சோதிக்கச் சோதனைப் பொத்தானை மட்டுமே பயன்படுத்த வேண்டும். உண்மையில் இயக்கிவிட்டால் பெங்களூரிலும் சென்னையிலும் ஆள்கள் எழுந்துகொள்வார்கள். தவறுதலாக இயங்கிவிட்டால் அணைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடக் கூடாது. உடனே 1554-ஐ அழைத்து, படகின் பதிவு எண்ணைக் கூறி, ஆபத்து ஏதுமில்லை என்று தெரிவித்துவிட வேண்டும். வயர்லெஸில் கூப்பிடப் பழகும்போதும் ஒரே ஒழுங்கு வேண்டும். “மேடே” என்று மூன்று முறை, படகின் பெயர், ஜி.பி.எஸ். காட்டும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். இடத்தை முன்னால் சொல்வது நல்லது. பாதியில் பேட்டரி போனாலும் இடம் மட்டும் போய்ச் சேர்ந்திருக்கும்.

பீக்கனின் பேட்டரிக்குக் காலாவதித் தேதி அதன் உடலிலேயே அச்சிட்டிருக்கும். பீக்கனைப் பதிவு செய்திருக்கிறீர்களா என்பது அதைவிட முதன்மையானது. ஒவ்வொரு 406 பீக்கனுக்கும் தனி அடையாளக் குறியீடு உண்டு. அதைப் பெங்களூர் மையத்தில் படகின் விவரத்தோடும், கரையில் எந்நேரமும் தொலைபேசியை எடுக்கக்கூடிய ஒருவரின் எண்ணோடும் பதிந்துவைக்க வேண்டும். பழைய பீக்கனை விலைக்கு வாங்கினால் முந்தைய உரிமையாளரின் பெயரே அங்கே இருக்கும். மையம் அவரை அழைக்கும், அவர் வீட்டில் நலமாக இருப்பதாகச் சொல்வார், தேடல் தாமதமாகும். கரையில் இருக்கும் அந்த ஒருவரிடம், பெரும்பாலும் மனைவியிடமோ அண்ணனிடமோ, ஒரு தாளில் படகின் பதிவு எண், நிறம், ஆள்களின் எண்ணிக்கை, போகும் திசை, திரும்பும் நேரம், அந்த நேரம் தாண்டி எத்தனை மணி நேரத்தில் 1554-ஐ அழைக்க வேண்டும் என்பது ஆகியவற்றை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் படகைத் தள்ள வேண்டும்.